நூற்றுப் பதினேழாம் டோக்கன்

நீரஜா யாரையும் லேசில் நம்பிவிடுகிற ரகம் இல்லை. பஸ்ஸின் நெற்றியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், "பனகல் பார்க் போகுமா?" என்று கண்டக்டரை ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். ஆபீசில் யாராவது பேனா இரவல் கேட்டால் பேனாவைக் கொடுத்துவிட்டு மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வாள். காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் இவள் கண் வெண்டைக்காயில் இருக்காது, முள்ளில்தான் இருக்கும். இப்படிப்பட்டவள் முப்பத்து மூன்று வயதுக்குள் கேள்வியே கேட்காமல் நம்பியது ஒரே ஒருத்தியை. அவள் பெயர் மதுமதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆவணி மாதம் ஒரு நாள், காலை பதினொன்றரை மணிக்கு அந்த நம்பிக்கை போயிற்று. போன விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

நீரஜாவுக்கு மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனம். அப்பா தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமா ஒன்றும் முடித்து, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற வேலையைப் புத்தகம் பார்த்தே கற்றுக்கொண்டாள். வரன் இரண்டு தடவை நிச்சயதார்த்தத் தேதி வரைக்கும் வந்து நின்றுபோனது. அதற்குப் பிறகு ஆத்தில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுக்காமல் இருப்பதையும் அப்பா, அம்மா, பெண் மூன்று பேரும் தினமும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வேலை தி.நகரில். உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த கணேசமூர்த்தி அண்ணாச்சிக்கு, இன்டர்நெட்டில் ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று அமெரிக்காவில் இருந்த மருமகன் ஓதிவிட்டார். அண்ணாச்சி கடைக்குப் பின்தெருவில், துணி கோடவுனுக்கு மேல்மாடியில், 'வேலைவாசல்' என்று ஒரு வலைத்தளத்தைத் தொடங்கினார். வேலை தேடுகிறவர்கள் அதில் விண்ணப்பம் போடலாம், கம்பெனிகள் ஆள் எடுக்கலாம். அதை நடத்தியவர்கள் இரண்டே பேர். மெஷின்களுக்கும் இணைப்புகளுக்கும் நீரஜா. பக்கங்களையும் புரோகிராமையும் எழுதுவதற்கு மதுமதி.

மதுமதிக்கு அடையாறு. நீரஜாவைவிட நாலு வயது சின்னவள், வாய் நாலு மடங்கு பெரிசு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இன்னொரு ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததில் தொடங்கிய சிநேகம். ஒருத்தி டிபன் பாக்ஸை இன்னொருத்தி திறப்பாள். நீரஜாவின் முதல் வரன் நின்றுபோன அன்று மதுமதி லீவு போட்டுவிட்டு மாம்பலத்துக்கு வந்து, வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் சாயங்காலம் வரைக்கும் கூடவே உட்கார்ந்திருந்தாள். நம்புவதற்கு ஒருத்திக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்கக் கம்பெனி ஒன்று 'வேலைவாசல்' வழியாகவே ஆள் கேட்டது. நெட்வொர்க் வேலைக்கு ஒரே ஓர் இடம். இரண்டு பேரும் விளையாட்டாகத்தான் விண்ணப்பம் போட்டார்கள். தேர்வானது நீரஜா. மதுமதியின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. நீரஜா பாண்டிபஜாரில் சக்கரம் வைத்த நீலநிறப் பெட்டி ஒன்று வாங்கினாள். அதை ஆத்தில் கட்டிலுக்கு அடியில் வைத்து, தினம் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் தனக்கென்று எதிர்பாராமல் வந்த முதல் நல்ல சேதி அது.

ஜூலை ஒன்பதாம் தேதி சாயங்காலம் நடேசன் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து மதுமதி அழுதாள். நிஜமாகவே கண்ணீர் விட்டு அழுதாள்.

"நீ போயிட்டா எனக்கு இங்க யாருடி இருக்கா? நாம ரெண்டு பேரும் சேர்ந்து இதைப் பெரிசா பண்ணலாம். அண்ணாச்சி நம்மகிட்டயே விட்டுடுவார். அம்மா அப்பாவையும் நீ தனியா விட வேண்டாம். யோசிச்சுப் பாருடி நீரு."

நீரு யோசிக்கவில்லை. அன்று இரவே, வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதிவிட்டாள். அடுத்த வாரம் மதுமதி, "எங்க சித்தி பொண்ணு டெல்லி போறா, உன் பெட்டியைத் தரியா?" என்று கேட்டாள். பேனாவின் மூடியைக்கூடக் கொடுக்காதவள் பெட்டியோடு அதன் சாவிகள் இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

இதற்கிடையில் 'வேலைவாசலு'க்குக் கூட்டம் சேர்ந்தது. ஒரு மெஷின் போதாமல் அண்ணாச்சி இரண்டாவது மெஷின் வாங்கினார். வருகிறவர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்ப லோட் பேலன்சர் என்கிற பெட்டியும் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியது. வந்தது ஆடி மாதம். ஆடியில் புதுசு எதையும் தொடங்கக்கூடாது என்று அண்ணாச்சி ஒரே பிடியாக நின்றதில், உலகத்திலேயே ஆவணிக்காகக் காத்திருந்த லோட் பேலன்சர் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"இது என்னதான் செய்யும், சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

"வர்றவங்களை இந்த மெஷினுக்கு ஒருத்தர், அந்த மெஷினுக்கு ஒருத்தர்னு பிரிச்சு அனுப்பும் அண்ணாச்சி" என்றாள் நீரஜா.

"அனுப்பட்டும். ஆனா நம்ம கடைல மொதச் சேலையை விரிச்சவன்தான் பில்லு போடுத வரைக்கும் கூட நிப்பான். நடுவுல ஆள மாத்துனா அந்தம்மா எந்திரிச்சுப் போயிரும்."

"இதுலயும் அதேதான். முதல்ல எந்த மெஷின்ல நுழைஞ்சாரோ, வேலை முடியற வரைக்கும் அவர் அதுலயேதான் இருக்கணும். ஸ்டிக்கின்னு சொல்லுவா."

அண்ணாச்சிக்குத் திருப்தி. அவர் கேட்டுக்கொண்டது இன்னும் ஒன்றே ஒன்று. உள்ளே வருகிறவர் ஒவ்வொருவருக்கும் மெஷின் ஒரு டோக்கன் எண் கொடுக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் இவர் இன்னார் என்று அது அடையாளம் வைத்துக்கொள்ளும். அந்த எண் வெறும் ஒன்றில் தொடங்க வேண்டாம், மொய் எழுதுவதுபோல நூற்றியொன்றில் தொடங்கட்டும் என்றார். மதுமதி சிரித்துக்கொண்டே இரண்டு மெஷின்களிலும் நூற்றியொன்று என்று போட்டாள். நீரஜாவும் சிரித்தாள். இரண்டும் ஒரே எண்ணில் தொடங்குவதில் ஒரு வம்பு இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இன்னொரு தப்பு நீரஜாவுடையதே. வந்தவரை அடையாளம் கண்டு பழைய மெஷினுக்கே அனுப்ப அந்த லோட் பேலன்சர் பெட்டியில் இரண்டு வழி உண்டு. இன்டர்நெட்டில் இணையும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கிற எண் முகவரியைப் பார்த்து அனுப்புவது ஒன்று. வந்தவரின் பிரவுசரிலேயே குக்கீ என்கிற சின்னச் சீட்டைச் செருகிவிட்டு, அடுத்த தடவை அதைப் பார்த்து அனுப்புவது இன்னொன்று. நீரஜா முகவரியே போதும் என்று வைத்தாள். "அதுவே போதும்டி, நாலு நாளா நல்லாத்தானே ஓடுது" என்றாள் மதுமதியும். நாலு நாளும் சோதித்தது ஆபீசுக்குள் உட்கார்ந்து. ஆபீசில் இருந்தது விடிய விடிய அறுந்துபோகாத தனி லைன். ஊரில் மற்றவர்கள் எல்லாம் டெலிபோன் லைனில் கூப்பிட்டு, கால் மணிக்கு ஒரு தடவை அறுந்து, திரும்பக் கூப்பிட்டு வருகிறவர்கள். திரும்பக் கூப்பிடும்போதெல்லாம் முகவரி மாறிவிடும். பஸ் போர்டையே நம்பாத பெண், இதைக் கோட்டைவிட்டாள்.

ஆவணி பிறந்த மறுநாள், நல்ல நேரம் பார்த்து அண்ணாச்சி இரண்டு மெஷின்களுக்கும் சூடம் காட்டித் தொடங்கிவைத்தார். வெளியிலிருந்தும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோழிகள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். மதுமதி அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு. நீரஜா மேற்கு மாம்பலத்தில் உமர் ஃபாரூக் நடத்திய சென்டருக்கு. சரியாகப் பதினொன்றுக்கு இருவரும் உள்ளே நுழைய வேண்டும் என்று ஏற்பாடு. யார் எந்த மெஷினில் இருக்கிறார்கள் என்று தெரிய, பக்கத்தின் மூலையில் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். முதல் மெஷினுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு மஞ்சள். புள்ளி யோசனை மதுமதியுடையது.

நீரஜாவுக்குச் சிவப்பு வந்தது. டோக்கன் எண் நூற்றுப் பதினேழு. மேலே, 'வணக்கம், நீரஜா' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே இங்கே என்று அரைமணி நேரம் தட்டிப் பார்த்தாள். சிவப்பு அசையவில்லை.

"லைன் புட்டுக்கிச்சுக்கா" என்றான் உமர். "ரெண்டு நிமிசம் குந்து, திரும்ப அடிக்கிறேன்."

மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஓய்ந்தது. நீரஜா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மூலையில் மஞ்சள் புள்ளி வந்தது. மேலே 'வணக்கம், மதுமதி' என்று வந்தது.

முதல் நிமிஷம் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். தப்பு எங்கே என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. லைன் அறுந்து முகவரி மாறியிருக்கிறது, பெட்டி இவளைப் புது ஆள் என்று நினைத்து இரண்டாவது மெஷினுக்குத் தள்ளியிருக்கிறது. பிரவுசர் பழைய டோக்கனையே நீட்டியிருக்கிறது, நூற்றுப் பதினேழு. இரண்டாவது மெஷினிலும் ஒரு நூற்றுப் பதினேழு உண்டு. அதே பதினொரு மணிக்கு உள்ளே வந்த மதுமதி. 'எல்லாம் அண்ணாச்சியோட மொய்க் கணக்கு' என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். மதுவிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்றும் நினைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பக்கத்தைப் படித்தாள்.

அது அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு மதுமதி போட்டிருந்த விண்ணப்பம். கூடவே ஒரு கடிதம். 'தேர்வான நீரஜாவுக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. அவர் வரப்போவதில்லை. பட்டியலில் அடுத்து இருக்கும் நான் உடனே சேரத் தயார்.' அதன் கீழே, பயணம் செப்டம்பர் நான்காம் தேதி, இறுதிச் சம்மதத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் இந்தப் பக்கத்திலேயே தெரிவிக்கவும் என்று கம்பெனி எழுதியிருந்தது.

நீரஜா கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். ஜூலை இரண்டு. மறுபடியும் பார்த்தாள். பார்க் பெஞ்சில் மதுமதி அழுதது ஜூலை ஒன்பது. அதாவது, இவள் வரமாட்டாள் என்று எழுதி அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்து, இவளை வராமல் இருக்கச் செய்திருக்கிறாள். சித்தி பெண்ணும் இல்லை, டெல்லியும் இல்லை. நீலப் பெட்டி யாருக்கென்று இப்போது தெரிந்தது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டிருப்பாள். 'திருமணம் நிச்சயமாகியுள்ளது' என்ற வரியைத்தான் தாங்க முடியவில்லை. பொய் சொல்ல ஊரில் ஆயிரம் காரணம் இருக்கும்போது, வரன் நின்றுபோன அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு, எடுத்துக்கொள்ள இதுதானா கிடைத்தது?

கீழே ஒரு பொத்தான் இருந்தது. 'விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு.' நீரஜாவின் கை அதுவாகவே போய் அதை அழுத்தியது. 'நிச்சயமாகவா?' என்று கேட்டது மெஷின்.

"அக்கா, டீ சொல்லட்டா?" என்றான் உமர்.

அவள் 'இல்லை' என்பதை அழுத்தினாள். 'வெளியேறு' என்பதையும் அழுத்தினாள். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மாம்பலம் ஸ்டேஷன் படியேறி, இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நடந்தாள். வழி முழுக்க மதுமதியைத் திட்டினாள். என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்தாள். போகணும்னு ஆசையா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாளா? மாட்டாள். அதுவும் அவளுக்குத் தெரியும். அது மதுமதிக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஸ்டீல் பாத்திரக் கடை வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் அது ஒரு சௌகரியம்.

ஆபீசுக்கு வந்ததும் நீரஜா முதல் காரியமாகத் தளத்தை மூடினாள். 'பழுதுபார்ப்பு நடக்கிறது, பிறகு வரவும்' என்று ஒரு பலகையை வைத்தாள். இது பழிவாங்கல் இல்லை. ஒருவர் விண்ணப்பம் இன்னொருவருக்குத் தெரிகிற தளத்தை யாரும் திறந்துவைக்க மாட்டார்கள். மூடிய பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று. ஐந்து மணி வரைக்கும் இது மூடியே இருந்தால், அடையாறில் இருக்கிறவளால் சம்மதம் தெரிவிக்க முடியாது. யாரும் ஏன் என்று கேட்க முடியாது. கேட்டாலும் பதில் இருக்கிறது.

கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். முகவரியைப் பார்த்து அனுப்புகிற ஏற்பாட்டை எடுத்தாள். குக்கீச் சீட்டுக்கு மாற்றினாள். சீட்டு எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்டதற்கு, நிதானமாக விண்ணப்பம் எழுதுகிறவர்களை நினைத்து இரண்டு மணி நேரம் என்று கொடுத்தாள். மதுமதியின் புரோகிராமைத் திறந்து, மஞ்சள் மெஷினின் டோக்கன் இனி ஐயாயிரத்து ஒன்றில் தொடங்கட்டும் என்று ஒரு வரியை மாற்றினாள். மொய்க்கு அதுவும் ஆகாத எண் இல்லை. இரண்டு மெஷின்களையும் நிறுத்தி மறுபடி கிளப்பினாள். பிறகு பலகையைத் தாண்டத் தனக்கு மட்டும் ஒரு வழி வைத்துக்கொண்டு, டெலிபோன் லைனில் மோடத்தை மாட்டி, வெளியாள் மாதிரி உள்ளே போனாள். சிவப்பு வந்தது. டெலிபோன் வயரை வெடுக்கென்று பிடுங்கினாள். திரும்ப மாட்டிக் கூப்பிட்டாள். முகவரி மாறியிருந்தது, புள்ளி சிவப்பாகவே இருந்தது. மூன்று தடவை பிடுங்கினாள். மூன்று தடவையும் சிவப்பு. நாலாவது தடவை பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் பிடுங்கினாள்.

மூன்றரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. தளத்தைத் திறக்க ஒரே ஒரு வரியைத் தட்டி என்டர் போட்டால் போதும். அவள் வரியைத் தட்டினாள், என்டர் போடவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணிநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நல்லவள் என்பதால் தவித்தாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மதுமதி போகக்கூடாது என்று முழுமனதாக ஆசைப்பட்டாள். செப்டம்பர் நாலாம் தேதி மீனம்பாக்கத்தில் தன் நீலப் பெட்டியை அவள் உருட்டிக்கொண்டு போகிற காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை.

நாலரை தாண்டி டெலிபோன் அடித்தது.

"நீரு, என்னடி ஆச்சு? காலைல திடீர்னு என்னை வெளிய தள்ளிடுச்சு. சரி, சாயங்காலம் பாத்துக்கலாம்னு விட்டேன். இப்ப பாத்தா சைட்டே இல்லை. பி.சி.ஓ.வுல க்யூல நின்னு பேசறேன். எப்ப திறக்கும்?"

"உனக்கு என்ன அவசரம்?"

"அவசரமெல்லாம் இல்லை. டெஸ்ட் முடிக்கணுமேன்னுதான்."

இப்போதுகூடப் பொய்தான்.

"பதினொன்றரைக்கு லைன் அறுந்துடுத்து மது. திரும்ப வந்தப்போ எனக்கு மஞ்சள் வந்துது. உன் பக்கம் வந்துது. ஜூலை ரெண்டாம் தேதி நீ எழுதின லெட்டரும் வந்துது."

அந்தப் பக்கம் அடையாறு சிக்னலில் பஸ் ஒன்று ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது. நீரஜா காத்திருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அழுதால் என்ன செய்வது என்று பயந்தாள். இன்னொரு தடவை நம்பித் தொலைத்துவிடுவோமோ என்றுகூடப் பயந்தாள்.

"அதை அழிச்சுட்டியா?" என்று கேட்டாள் மதுமதி.

ரங்கநாதன் தெருவில் சேர்த்துவைத்த கேள்விகளில் ஒன்றுகூட நீரஜாவுக்கு வாயில் வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை என்று தோன்றியது. என்டரை அழுத்தினாள்.

"அழிக்கலை. இப்ப போய்ப் பாரு, திறந்துட்டேன். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. இனிமே உன் பக்கம் உனக்கு மட்டும்தான் வரும். லைன் அறுந்தாலும் வரும்."

"தேங்க்ஸ்டி" என்றாள் மதுமதி அவசரமாக, போன் கட்டாயிற்று.

நீரஜா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாற்பத்தாறுக்கு அடையாறிலிருந்து ஒரு டோக்கன் வந்தது, நூற்றியாறு, சிவப்பு மெஷின். நாலு ஐம்பதுக்கு அதன் லைன் அறுந்தது. ஐம்பத்திரண்டுக்கு வேறு முகவரியோடு அதே டோக்கன் அதே மெஷினுக்கே திரும்பி வந்தது. லோட் பேலன்சர் இந்த முறை தடுமாறவில்லை. ஐம்பத்தைந்துக்குச் சம்மதம் பதிவானது, உடனே நூற்றியாறு வெளியேறியது.

ஐந்தரைக்கு அண்ணாச்சி கடையிலிருந்து மேலே ஏறி வந்தார். எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆயிற்று, இனிமேல் யாரும் நடுவில் மாற மாட்டார்கள் என்று நீரஜா சொன்னாள். அவர் இரண்டு மெஷின்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

"மதுவ எங்கம்மா இன்னும் காணல? அடையாறுல பஸ்ஸு கெடைக்கலியோ?"

"அவ வரமாட்டா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, நீரஜா தன் பேனாவுக்கு மூடியைத் தேடினாள்.